ஓவியர் குடியிருப்புகளைத் தனியாக ஆராய்வது எப்படி: வடசென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

பல்கலைக்கழகப் பதவியோ அருங்காட்சியகச் சம்பளமோ இல்லாமல் கலை வரலாறு எழுத விரும்பும் இளைஞர்கள், எந்த ஓவியரை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வது என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். ஓர் ஓவியரை எடுக்க வேண்டாம், ஓவியர்கள் சேர்ந்து வாழ்ந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது வழக்கம். தனி ஓவியர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புறப்பட்டால், அவருடைய குடும்பத்தாரோ அவர் படங்களை விற்கும் காட்சிக்கூடமோ கதவைச் சாத்திய அன்றே வேலை நின்றுவிடும். குடியிருப்புக்கோ இருபது, முப்பது வீடுகள் உண்டு. ஒரு வீட்டில் கிடைக்காத கடிதம் அடுத்த வீட்டுப் பரணில் கிடைக்கும். ஒருவர் மறைத்ததை இன்னொருவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். பின்னால் நிறுவனம் ஏதும் இல்லாத ஆய்வாளருக்கு அந்த இருபது வாசல்களே துணை.

வடசென்னையில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா என்ற ஐயம் எழலாம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில், கீழே இரும்புக் கடை நடக்கும் ஒரு கட்டடத்தின் மாடி அறையில் இருந்தபடியே இத்தனை ஆண்டுகளும் இந்த வேலையைச் செய்து வருகிறேன். சென்னையின் ஓவியப் பள்ளி நம் பக்கத்தில்தான் தொடங்கியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தம் சொந்த முயற்சியில் அந்தப் பள்ளியை நிறுவியது பாபம்ஸ் பிராட்வேயில்; இன்று பெயர்ப்பலகை பிரகாசம் சாலை என்று சொல்ல, நாம் மட்டும் விடாமல் பிராட்வே என்றே அழைக்கும் அதே தெருவில். பள்ளி பின்னர் அரசின் கைக்கு மாறி, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போய், இன்று எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சவுத்ரி அதன் முதல் இந்திய முதல்வர். மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலை அவர் கைவேலை. அவருக்குப் பின் 1957இல் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் தம் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். பிராட்வேயில் கிளம்பிய அந்தக் கோடு தெற்கே கடற்கரை மணலில் போய் முடிகிறது. அதை வடக்கு முனையிலிருந்து பின்தொடர்வதில் தவறேதும் இல்லை.

எதைக் குடியிருப்பு என்று கொள்வது

தொடங்கும் முன் ஒரு வரையறையை நீங்களே எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். இல்லையேல் சேர்ந்து கண்காட்சி வைத்த எல்லாக் குழுக்களும் உங்கள் ஆய்வுக்குள் நுழைந்துவிடும். 1944இல் சென்னையில் தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கம் ஒரு சங்கம். சோழமண்டலம் ஒரு குடியிருப்பு. இரண்டிலும் பணிக்கர் இருக்கிறார், இரண்டிலும் பல பெயர்கள் பொதுவானவை, ஆனாலும் இரண்டையும் ஒன்றாக எழுதினால் நிலமும் சமையலும் கடனும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். பொதுவான நிலம் அல்லது பொதுவான விடுதி, பல ஆண்டு நீளும் வசிப்பு, பணத்தில் ஏதோ ஒரு பங்கீடு ஆகிய மூன்றும் இருந்தால்தான் நான் ஓர் இடத்தைக் குடியிருப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வரையறையோடு வடசென்னையைச் சுற்றி வந்தால் வேறு இரு வகைகள் கண்ணில் படும். திருவொற்றியூரை அடுத்த காலாடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு. அவருடைய பெயர்தான் நம் வாயில் காலாடி ஆயிற்று. கொசப்பேட்டையில் விநாயகர் சிலையும் கொலு பொம்மையும் செய்யும் குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தொடர்கின்றன. முதலாவது ஆட்சியாளர் ஆணையால் அமைந்தது. இரண்டாவது பிறப்பால் தொடர்வது. சோழமண்டலமோ விரும்பிச் சேர்ந்தவர்கள் அமைத்தது. இவற்றுள் மூன்றாவதற்கு மட்டும் கலை வரலாறு என்ற பெயரையும் மற்ற இரண்டுக்கும் கைத்தொழில் என்ற பெயரையும் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. நீங்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கமாவது எழுதிய பிறகே மேலே செல்ல வேண்டும்.

அயல்நாட்டுக் குடியிருப்புகளையும் ஓரளவு படித்து வைப்பது நல்லது. ஒப்பிட்டுப் பெருமைப்படுவதற்காகச் சொல்லவில்லை, கேட்க வேண்டிய கேள்விகளை அவை சொல்லித் தரும். பிரான்சின் பார்பிசோனில் ஓவியர்களுக்குச் சோறு போட்டது கான் என்பவரின் விடுதி. அங்கே தங்கியவர்கள் அலமாரிக் கதவுகளிலும் படம் வரைந்து வைத்தார்கள். டென்மார்க்கின் வடகோடி மீனவ ஊரான ஸ்காகனில் ஓவியர்கள் கூடியது புரோன்டும் குடும்பத்தின் விடுதியில். அந்த வீட்டுப் பெண்ணான அன்னா, மிக்கேல் ஆன்கர் என்ற ஓவியரை மணந்து, தாமும் அந்தக் குடியிருப்பின் முதன்மையான ஓவியர்களுள் ஒருவரானார். அமெரிக்காவின் ஓல்டு லைமில் ஃபுளோரன்ஸ் கிரிஸ்வோல்டு என்ற பெண்மணி நொடித்துப்போன தம் குடும்ப வீட்டை ஓவியர்களுக்கு வாடகைக்கு விட்டார். அவர்கள் அவருடைய உணவறைப் பலகைகளில் வரைந்த படங்கள் இன்றும் அங்கே உள்ளன. மூன்று நாடுகளிலும் ஓவியருக்குப் பின்னால் சமைத்தவர், கடன் சொன்னால் பொறுத்தவர், அந்த ஊரில் முன்பிருந்தே வாழ்ந்தவர் என்று சிலர் நிற்கிறார்கள். இஞ்சம்பாக்கத்திலும் ஓவியர்களுக்கு முன்பே மீனவர்கள் இருந்தார்கள். காசிமேட்டுத் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி தானாகவே தோன்றும் என்று நம்புகிறேன்.

முதலில் நிலம், பிறகு கணக்கு

பெரும்பாலானோர் ஓவியங்களில் தொடங்கி, பாணியைப் பற்றி ஐம்பது பக்கம் எழுதிய பிறகு, வரலாறு எங்கே என்று தேடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். ஓவியர் குடியிருப்பின் முதல் ஆவணம் அதன் நிலப் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று வாங்கினால், யாரிடமிருந்து யாருக்கு எந்த ஆண்டில் எவ்வளவு நிலம் கை மாறியது என்பது ஒரு பட்டியலாக வந்துவிடும். அதிலுள்ள ஆவண எண்ணைக் காட்டிப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு மனு போடலாம். தாய்ப்பத்திரம் வரை போனால், ஓவியர்கள் வருவதற்கு முன் அந்த மணலில் யார் என்ன பயிரிட்டார்கள் என்பதுகூடச் சில நேரம் தெரியவரும். ஓர் எச்சரிக்கை: எல்லைகள் மாறியிருக்கும். 1966இல் இஞ்சம்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். திருவொற்றியூரைப் போலவே அதுவும் 2011இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆகவே பழைய வருவாய்க் கணக்குகளைச் சென்னை என்ற தலைப்பின் கீழ் தேடிக் களைப்படைய வேண்டாம்.

குடியிருப்பு ஒரு சங்கமாகப் பதிவாகியிருந்தால் இன்னொரு வாசல் திறக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ஆம் ஆண்டினது. அதற்கு முந்தைய சங்கங்கள் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. துணைவிதிகள், நிர்வாகக் குழுவின் பெயர்ப் பட்டியல், ஆண்டு வரவுசெலவு ஆகியவை பதிவாளரிடம் தாக்கல் செய்யப்பட வேண்டியவை என்பதால், கட்டணம் கட்டி நகல் பெறலாம். யார் எந்த ஆண்டில் செயலாளர், யார் எந்த ஆண்டில் விலகினார் என்பதற்கு இதைவிட நம்பகமான சான்று கிடையாது. நினைவிலிருந்து சொல்பவர்கள் தாம் விலகிய ஆண்டை ஒன்றிரண்டு தள்ளியே சொல்வார்கள்.

கணக்கு நோட்டுகள் கிடைத்தால் அது உங்கள் நல்ல காலம். சோழமண்டலத்தின் தனிச்சிறப்பே அது அரசு மானியத்தில் எழுந்ததன்று என்பதுதான்: ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, மெழுகு இட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி முதலான பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டு நிலம் வாங்கி வீடு கட்டினார்கள். ஆகவே அங்கே வரையப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் அடியில் மெழுகும் சாயமும் இருக்கிறது. காலையில் துணிக்கு மெழுகு இட்ட கை மாலையில் கித்தானுக்குப் போனபோது எதை எடுத்துச் சென்றது என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

கணக்கு எப்படிப் பேசும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இது வேறொரு சிறு ஓவியர் குழுவின் நோட்டு. நாற்பது பக்கப் பள்ளி நோட்டு, அட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு. உள்ளே நீல மையில் நான்கு பத்திகள்: தேதி, பெயர், பொருள், தொகை. கோடித்துணி, மெழுகு, சாயம், ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் என்று வரிகள் இறங்குகின்றன. இடையிடையே தைல வண்ணக் குழாய்கள். ஓரிடத்தில் வண்ணக் குழாய் என்ற சொல் மறைந்துவிடுகிறது. ஏழு மாதம் காகிதமும் இந்தியன் இங்க்கும் மட்டுமே. அந்தக் குழுவின் ஓவியர் ஒருவர் அதே மாதங்களில் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களைப் பற்றி, வண்ணத்தைத் துறந்து கோட்டின் தூய்மையை நாடிய காலம் என்று விமரிசகர்கள் எழுதியிருந்தார்கள். நானும் ஒரு கட்டுரையில் அதையே வழிமொழிந்திருந்தேன். வண்ணம் வாங்கப் பணம் இல்லை என்பதை நோட்டு சொன்னது. இதனால் அந்தக் கோடுகளின் அழகு குறையவில்லை, ஆனால் என் கட்டுரையின் இரண்டு பக்கங்கள் குப்பைக்குப் போயின. அதே நோட்டில் மெழுகு வேலைக்குக் கூலி பெற்றவர்களின் வரிசையில் வெறும் தலைப்பெழுத்தாக நின்ற ஒருவர் ஓவியரின் மனைவி என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஓராண்டு ஆயிற்று.

நிலமும் கணக்கும் ஓரளவு தெளிந்ததும் ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள்: இடப்பக்கம் வீடுகள், மேலே ஆண்டுகள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆண்டு அந்த வீட்டில் இருந்தவர் யார் என்று பென்சிலால் எழுதுங்கள். வந்தவர்களைப் போலவே போனவர்களும் முக்கியம். சோழமண்டலத்து ஓவியர்களில் விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் ஆகியோர் 1960களின் பிற்பகுதியிலேயே பாரீசுக்குச் சென்றுவிட்டார்கள், எஸ்.ஜி. வாசுதேவ் 1980களின் இறுதியில் பெங்களூருக்குப் பெயர்ந்தார். சிற்பி அனிலா ஜேக்கப், ஓவியர் அர்நவாஸ் போன்ற பெண்களின் பெயர்களை அவர்களுக்கு உரிய கட்டத்தில் தனியாக எழுதுங்கள். கணவர் பெயருக்குள் அடைக்க வேண்டாம். இந்தத் தாள் நிரம்ப இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். நிரம்பும்போது அத்தியாயங்கள் எங்கே உடைய வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பேச்சைப் பதிவு செய்தல்

முதல் நேர்காணலைப் புகழ்பெற்ற ஓவியரிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தெருவிலேயே பழகுங்கள். நான் பழகியது கொசப்பேட்டையில், பொம்மை செய்யும் ஒரு முதியவரிடம். பட்டறை எந்த ஆண்டு இந்த இடத்துக்கு வந்தது என்று கேட்டேன். “எந்த வருஷம்னு கேட்டா நான் எப்படி தம்பி சொல்றது? மூர் மார்க்கெட் எரிஞ்சுதே, அப்போ இந்தக் கூரை போடல. எம்.ஜி.ஆர். செத்தப்போ போட்டாச்சு” என்றார். மூர் மார்க்கெட் எரிந்தது 1985 மே மாதம், எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர். கூரையின் காலம் இரண்டரை ஆண்டுக்குள் அடங்கிவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு நேர்காணலுக்கும் ஊர் அறிந்த நிகழ்ச்சிகளின் பட்டியல் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். 1966 நவம்பர்ப் புயலில் ஸ்டமாடிஸ் என்ற கப்பல் மெரினாவில் தரைதட்டியது, 1967 தேர்தல், 1975 ஜூனில் நெருக்கடிநிலை, 1984இல் இந்திரா காந்தி கொலை, 1991இல் ஸ்ரீபெரும்புதூர், 2004 சுனாமி, 2015 வெள்ளம். ஆண்டைக் கேட்டால் யாரும் தடுமாறுவார்கள். கப்பல் கரை ஒதுங்கியதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் வீட்டிலுள்ள எல்லாரும் பதில் சொல்வார்கள். சோழமண்டலம் பிறந்த ஆண்டும் அந்தக் கப்பல் ஒதுங்கிய ஆண்டும் ஒன்று என்பது நமக்குக் கிடைத்த வசதி.

விளிப்பதில் கவனம் தேவை. ஓவியக் கல்லூரி வழி வந்த மூத்தவர்களை ஐயா என்றோ சார் என்றோ அழைப்பது பொருத்தம். அவர்களுடைய ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது அவர்களே மாஸ்டர் என்பார்கள், நீங்களும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் பேச்சு இளகும். வீட்டு அம்மாவிடம் தனியாக ஓர் அமர்வு கேளுங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் அந்த அம்மா காபி போட எழுந்து போய்விடுவார், பேச்சு ஓவியரிடமே திரும்பிவிடும். அந்த அம்மா சொல்லக்கூடியதோ தண்ணீர் எங்கிருந்து வந்தது, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போனார்கள், எந்தக் கடையில் பாக்கி வைத்தார்கள் என்ற, வேறு எவரும் சொல்லாத செய்திகள்.

சோழமண்டலம் போன்ற இடத்தில் தமிழ் மட்டும் போதாது. மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசியவர்கள் அங்கே கலந்திருந்தார்கள். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அவரவர் மொழியில் இருக்கும். மலையாள எழுத்தைப் படிக்க ஒரு கோடை விடுமுறை போதும். பொருள் முழுதும் விளங்காவிட்டாலும் பெயரையும் தேதியையும் நீங்களே கண்டெடுக்கலாம். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க வேண்டிய கடிதங்கள் இருபதில் மூன்றாகக் குறையும்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கைப்பேசி ஒன்றும் தனிப் பதிவுக்கருவி ஒன்றும் சேர்ந்து ஓடட்டும், மின்விசிறியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டதன் விலையாக, பின்னர் மறைந்துவிட்ட ஒரு சிற்பியின் இரண்டு மணி நேரப் பேச்சு, விசிறி இறக்கையின் தடதடப்புக்கு அடியில் புதைந்து கிடக்கிறது.

படத்தின் பின்பக்கம்

படத்தை முன்பக்கமிருந்து எல்லாரும் பார்க்கிறார்கள். அனுமதி கேட்டு, இரண்டு பேராகப் பிடித்து, மெல்லத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கித்தானைத் தாங்கும் மரச்சட்டம் கடையில் வாங்கியதா, தச்சர் கையால் இழைத்ததா என்பது தெரியும். ஆணிகளைச் சுற்றிப் பரவியிருக்கும் துரு, படம் கடலோரத்தில் எத்தனை காலம் கிடந்தது என்பதற்குச் சாட்சி. மேல் சட்டத்தில் கண்காட்சிச் சீட்டு ஒன்று, பாதி கிழிந்து. அதன் அடியில் பழுப்பேறிய இன்னொரு சீட்டின் ஓரம். பென்சிலில் எழுதிய விலை, அதை அடித்து வேறு கையெழுத்தில் எழுதிய குறைந்த விலை. ஒரு முறை சட்டத்துக்கும் கித்தானுக்கும் இடையே மடித்துச் செருகிய காகிதத்தை எடுத்தபோது அது ரயில் பார்சல் ரசீதாக இருந்தது. தேதியும் அனுப்பிய நிலையத்தின் பெயரும் அதில் தெளிவாக இருந்தன. அந்தப் படம் அந்த ஆண்டில் தில்லிக்குப் போய்த் திரும்பியது என்பதை எந்தக் கண்காட்சிக் கையேடும் பதிவு செய்திருக்கவில்லை.

எல்லாவற்றையும் அளவுகோல் ஒன்றையும் சாம்பல்நிற அட்டை ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். ஒளி இருபுறமிருந்தும் சாய்வாக விழட்டும். நேரே விழுந்தால் வார்னிஷ் பளபளக்கும். கடிதம், புகைப்படம் ஆகியவற்றை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் வருடி, டிஃப் கோப்பாகச் சேமித்து, மூன்று படிகள் வையுங்கள். அவற்றில் ஒன்று வேறு பேட்டையில் இருக்கட்டும். இராயபுரத்துக் கடற்காற்று நெகட்டிவ்களின் மேல் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சையைப் படர வைத்துவிடும் என்பதால், இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இங்கே ஆடம்பரமல்ல.

நூலக வேலைக்கு எழும்பூரிலிருந்து தொடங்குங்கள்: 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம், அதே வளாகத்து அரசு அருங்காட்சியகம், சற்றுத் தள்ளித் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இஞ்சம்பாக்கத்தில் 2009இல் திறந்த சென்னை ஓவிய இயக்க அருங்காட்சியகம் என்று தெற்கே தொடரலாம். 1961 முதல் வந்த ஆர்ட்ரெண்ட்ஸ் என்ற ஓவியர் இதழின் பிரதிகளைக் கண்டால், கட்டுரைகளை மட்டும் பார்க்காமல் விளம்பரங்களையும் சந்தா அறிவிப்புகளையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

உரிமையும் வயிற்றுப்பாடும்

காப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஓவியரின் உரிமை அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 1977இல் மறைந்த பணிக்கரின் படைப்புகளுக்கு 2037 முடியும்வரை, 1973இல் இளம் வயதில் மறைந்த கே. ராமானுஜத்தின் படைப்புகளுக்கு 2033 முடியும்வரை வாரிசுகளின் அனுமதி வேண்டும். படத்தை விலைக்கு வாங்கியவர் காட்டிய தாராளம் அனுமதியாகாது. ஓவியத்தின் உடைமை வேறு, அதை அச்சிடும் உரிமை வேறு. கடிதமும் அப்படியே: வைத்திருப்பவர் பெறுநர், உரிமை எழுதியவருடையது. பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடுவதற்கு மட்டும் சட்டமே இடம் தருகிறது. எனவே ராய் சவுத்ரியின் உரிமை இன்னும் தீராவிட்டாலும் உழைப்பாளர் சிலையின் படத்தை உங்கள் அட்டையில் போடலாம். நேர்காணலுக்கு ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழில், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி வைத்து, பேச்சு தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்குங்கள்.

பணத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் மாதச் சம்பளம் போல் எதுவும் வராது. மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் நல்கைகளில், 25 முதல் 40 வயது வரையுள்ளோருக்கான இளநிலை நல்கை மாதம் 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்டோருக்கான முதுநிலை நல்கை 20,000 ரூபாய், இரண்டும் இரண்டு ஆண்டுகளுக்கு. பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி தருகிறது, விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். திட்ட வரைவில் பாணி, அழகியல் என்ற சொற்களால் முதல் பக்கத்தை நிரப்புவதைவிட, எந்த வீட்டில் எந்த ஆவணம் இருக்கிறது, அது எத்தனை நாளில் அழியும் என்று எழுதுவதே எடுபடுகிறது. மீதி வருமானம் கண்காட்சிக் கையேட்டுக் கட்டுரை, மொழிபெயர்ப்பு, தனியார் சேகரிப்புகளுக்குப் பட்டியலிடுதல், கல்லூரிகளில் பகுதிநேர வகுப்பு ஆகியவற்றிலிருந்து வரும். பட்டியலிடும் வேலை சலிப்பானதுதான். எனக்கு வீட்டு வாடகையைக் கட்டியது அதுவே, படங்களின் பின்பக்கங்களைப் பார்க்கும் உரிமையைத் தந்ததும் அதுவே.

எழுதித் தராத எந்த உடன்பாட்டையும் நம்ப வேண்டாம். நான் நான்கு ஆண்டுகள் சேர்த்த காலவரிசையை ஒரு காட்சிக்கூடம் ‘பார்த்துவிட்டுத் தருகிறோம்’ என்று வாங்கி, என் பெயரே இல்லாமல் சுவரில் ஒட்டியது. கேட்டபோது, தேதிகளுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றார்கள். அன்று முதல் பாதித் தொகை கைக்கு வராமல் எந்தக் கோப்பையும் அனுப்புவதில்லை. தொழில்முறைக் கட்டணத்தில் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். உங்கள் வருமானம் வரிவரம்புக்குள் வராவிட்டால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், பலரும் சோம்பலால் அதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு வேலைகளை மட்டும் ஏற்காதீர்கள். ஒன்று, இந்தப் படம் இன்னார் வரைந்தது என்று விலைக்குச் சான்று தருவது, அதிலும் விற்ற விலையில் பங்கு பெற்றுக்கொண்டு தருவது. மற்றொன்று, நீங்கள் எழுதும் ஓவியரிடமிருந்து படத்தை அன்பளிப்பாகப் பெறுவது. மறுக்கும்போது மனம் புண்படத்தான் செய்யும். தாம்பூலமும் காபியும் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், படம் வேண்டாம் என்று சிரித்துச் சமாளிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

எழுத்துவடிவம் தயாரானதும், வெளியிடுவதற்கு முன், பேசியவர்களுக்கு அச்சுப் படியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் படிக்க மாட்டார்கள், பெரிய எழுத்தில் அச்சிட்டு நேரில் கொடுத்து ஒரு வாரம் கழித்துப் போக வேண்டும். கொசப்பேட்டை முதியவருக்கு நான் கொடுத்த பன்னிரண்டு பக்கங்கள் ஒரே ஓர் இடத்தில் பேனாவால் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன. உலர்ந்த பொம்மைக்கு அவர் கண் எழுதும் நுட்பத்தை நான் அரைப் பக்கம் வருணித்திருந்தேன். அந்தப் பத்தி முழுவதையும் சுற்றி வட்டமிட்டு, ஓரத்தில், “மண்ணு என்னுது. கண்ணு எழுதறது என் சம்சாரம். அதுகிட்ட நீங்க கேக்கவே இல்லையே தம்பி” என்று எழுதியிருந்தார். மறுநாள் காலை பதிவுக்கருவியோடு மீண்டும் போனேன்.